விதைக்கும் ஒரு வயது உண்டு

வாசகரே, செடியிலேயே விட்டுப் பழுத்து மஞ்சளாகிப் போன ஒரு கத்தரிக்காயைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். சதைக்குள் நூற்றுக்கணக்கான விதைகள் நெருக்கமாகப் பதிந்திருக்கும். அவற்றை அலசிக் காயவைத்து நிறுத்தால் ஒரு கிராமுக்கு 200-க்கு மேல் இருக்கும். ஒரே ஒரு பழத்தின் விதை ஒரு தெரு முழுவதற்கும் நாற்றுவிடப் போதும். அப்படியிருக்க, அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் மாடியில் தொட்டி வைத்துக் காய்கறி வளர்ப்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் கடைக்குப் போய் விதைப் பொட்டலம் வாங்குகிறார்களே, அது ஏன்? இதே ஊர்களில் கொல்லைப்புறமும் கிணறும் இருந்த நாளில் விதையை விலைக்கு வாங்கியவர் சிலரே. வீட்டு விதை போதாதபோது பக்கத்து வீட்டில் கேட்டு வாங்குவார்கள்.

அந்த விதைகள் எங்கே போயின? இது வரலாற்றுக் கேள்வி. ஆனால் இதற்கான விடையில் ஒரு பாதி பௌதிகத்தில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்ப்போம்.

வந்த காயும் சொந்தக் காயும்

"நாட்டுக் காய்" என்று நாம் சொல்வது எதை? இந்த மண்ணில் தோன்றிய காய் என்று பொருள் கொண்டால் நம் சமையலறையில் பாதி காலியாகிவிடும்.

கத்தரி நமக்குச் சொந்தமானது என்பதில் பெரிய ஐயமில்லை. ரஷ்யத் தாவரவியலறிஞர் நிக்கொலாய் வாவிலோவ், பயிர்கள் தோன்றிய மையங்களை உலகப் படத்தில் குறித்தபோது கத்தரியை இந்திய மையத்தில் வைத்தார். ஹரியானாவில் ஃபர்மாணா என்ற இடத்தில் அகழ்ந்தெடுத்த சிந்துவெளிக் காலப் பானைத் துண்டுகளில் ஒட்டியிருந்த மாவுத்துகள்களை 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, கத்தரி, இஞ்சி, மஞ்சள் ஆகியவற்றின் அடையாளங்கள் தென்பட்டன. 4,000 ஆண்டுகளுக்கு முந்தைய குழம்பு அது! தமிழிலும் கத்தரிக்கு வழுதுணை என்ற பழம்பெயர் உண்டு. வெள்ளரி, பீர்க்கு, புடல் ஆகியவையும் இந்தியத் துணைக்கண்டத்தைச் சேர்ந்தவையே.

தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு, மரவள்ளி, பரங்கி ஆகியவை அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. 1492-க்குப் பிறகு கப்பலேறி, பெரும்பாலும் போர்ச்சுகீசியர் வழியாக நம் கரையை அடைந்தவை. பெயர்களே இதற்குச் சான்று கூறும். பூவிருந்தவல்லிக்குத் தென்கிழக்கே சிறிது தொலைவில் உள்ள பரங்கிமலையின் பெயரில் இருக்கும் அதே பரங்கிதான் பரங்கிக்காயிலும் இருக்கிறது. தக்காளி என்ற சொல் மட்டும் புதிதன்று. மணத்தக்காளி போன்ற நம் பழைய செடிகளுக்கு வழங்கிய பெயரை, வந்த காய் தனக்கு எடுத்துக்கொண்டது. சௌசௌவுக்குச் சீமைக் கத்தரி என்று பெயரிட்டதும் இதே முறையில்தான்.

இப்போது ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். 2023-ஆம் ஆண்டில் வேலூர் மாவட்டத்து இலவம்பாடி முள் கத்தரிக்காயும் இராமநாதபுரம் முண்டு மிளகாயும் ஒருசேரப் புவிசார் குறியீடு பெற்றன. கத்தரி இந்த மண்ணின் பிள்ளை. மிளகாயோ சில நூற்றாண்டுகளுக்கு முன் கடல் கடந்து வந்தது. ஆனாலும் முண்டு மிளகாய் இராமநாதபுரத்துக்கே உரியது என்று சட்டம் ஏற்றுக்கொள்கிறது. ஏன்? அந்த வறண்ட நிலத்தில் தலைமுறை தலைமுறையாக அதை விதைத்து, தமக்குப் பிடித்த செடியிலிருந்து மட்டும் விதையெடுத்து, மறுபடி விதைத்தவர்கள் அவ்வூர் உழவர்கள். எனவே நாட்டுக் காய் என்பதை இப்படி வரையறுப்போம்: எங்கே தோன்றியதாயினும், ஓர் ஊரில் இடைவிடாமல் விதைத்து விதையெடுக்கப்பட்டு அவ்வூருக்குப் பழகிப்போன காய். இந்த வரையறையில் உயிர்நாடியான சொல் "இடைவிடாமல்" என்பதே.

ஊர்க் காய் பல்கலைக் கழகத்துக்குப் போன கதை

ஊருக்கு ஊர் இப்படிப் பழகிய வகைகள் எத்தனையோ இருந்தன. மதுரைப் பக்கத்துக் கல்லம்பட்டிக் கத்தரி, தென்மாவட்டங்களில் மழையை நம்பி விளைந்த புழுதிக் கத்தரி, உடலில் கோடு விழுந்த வரிக்கத்தரி, முட்டை போல் வெளுத்த குளத்தூர்க் கத்தரி எனப் பட்டியல் நீளும்.

விஞ்ஞானிகள் இவற்றை ஒதுக்கிவிடவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சென்னை சைதாப்பேட்டையில் தோன்றி, 1906-ல் கோவைக்கு இடம்பெயர்ந்த வேளாண்மைப் பள்ளியே வளர்ந்து, 1971-ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக் கழகம் ஆயிற்று. அது வெளியிட்ட காய்கறி இரகங்களின் பூர்விகத்தைப் பாருங்கள். மதுரை 1 கத்தரி, கல்லம்பட்டி வகையிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டது. கோ 2 கத்தரி வரிக்கத்தரியிலிருந்து வந்தது. பெரியகுளம் 1 கத்தரி, புழுதிக் கத்தரியில் திடீர் மாற்றத்தைத் தூண்டிப் பெறப்பட்டது. பெரியகுளம் 1 தக்காளி, தேனிக்கு அருகிலுள்ள அன்னஞ்சி வகையின் மாற்றுருவம். இன்று நாட்டுக்கு வெளியேயும் பயிராகும் பெரியகுளம் 1 செடிமுருங்கையின் தாய், தூத்துக்குடி மாவட்டத்து எப்போதும்வென்றான் என்ற சிற்றூரைச் சேர்ந்தது.

இந்த முருங்கையை ஆறு தலைமுறை தன் மகரந்தச் சேர்க்கைக்கு உட்படுத்தித் தேர்ந்தெடுத்தார்கள். ஏன் ஆறு? ஒரு சிறு கணக்கு இதை விளக்கும். தாய், தந்தை வழியாக வந்த இரு மரபணுக்கள் மாறுபட்டிருக்கும் நிலையைக் கலப்பு நிலை என்போம். தன் மகரந்தத்தாலேயே கருவுறும் ஒவ்வொரு தலைமுறையிலும் இந்தக் கலப்பு பாதியாகக் குறையும். கதிரியக்கப் பொருளின் அரை ஆயுளைப் படித்தவர்களுக்கு இது பழகிய கணக்கு. ஆறு தலைமுறைக்குப் பின் எஞ்சுவது 64-ல் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய ஒன்றரை சதவீதம். அதன்பின் விதை தாயைப் போலவே முளைக்கும். ஏட்டில் கணக்குப் போடாமலே நம் உழவர்கள் கத்தரியிலும் அவரையிலும் செய்துவந்தது இதுதான்.

ஆக, ஓர் ஊரின் காய் மறைந்தால் அவ்வூர்க் குழம்பின் ருசி மட்டும் மறைவதில்லை. நாளை வறட்சியையோ நோயையோ தாங்கும் ஒரு புதிய இரகத்தை உண்டாக்கத் தேவையான மூலப்பொருளும் அதனுடன் போய்விடுகிறது.

விதையின் ஆயுள்

விதையைப் பத்திரமாக ஒரு டப்பாவில் போட்டு வைத்துவிட்டால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் பௌதிகம் குறுக்கே வருகிறது.

இஸ்ரேல் நாட்டில் சாக்கடலை ஒட்டிய மசாடா என்ற மலைக்கோட்டையை 1960-களில் அகழ்ந்தபோது பேரீச்சங்கொட்டைகள் கிடைத்தன. வயது சுமார் 2,000 ஆண்டு. 2005-ல் அவற்றுள் ஒன்றை ஊன்றினார்கள், முளைத்து மரமாயிற்று. நம் வீட்டுக் கத்தரி விதையோ திறந்த டப்பாவில் ஓரிரு ஆண்டுகளில் முளைப்புத் திறனை இழக்கத் தொடங்குகிறது. வேறுபாட்டில் ஒரு பகுதி விதையின் இயல்பைப் பொறுத்தது. ஒரு பெரும் பகுதி காற்றைப் பொறுத்தது. மசாடாவின் காற்று மிக வறண்டது. சென்னையின் காற்றோ கடலில் தோய்ந்தது.

விதை உயிருள்ள பொருள், உறங்கினாலும் மூச்சுவிடுகிறது. சூடும் ஈரமும் கூடினால் மூச்சு வேகமாகி, சேமித்த உணவு கரைந்து, உட்கூறுகள் சிதைகின்றன. இதை அமெரிக்க விதை விஞ்ஞானி ஜேம்ஸ் ஹாரிங்டன் இரு எளிய விதிகளாகச் சொன்னார். ஒன்று: விதையின் ஈரப்பதம் ஒரு சதவீதம் குறையுந்தோறும் அதன் ஆயுள் இரட்டிக்கும். இரண்டு: வெப்பநிலை 5 டிகிரி சென்டிகிரேடு குறையுந்தோறும் ஆயுள் இரட்டிக்கும். இவை துல்லியமான விதிகள் அல்ல. ஈரப்பதம் 5-லிருந்து 14 சதவீதம் வரை உள்ள நிலையில் ஏறத்தாழப் பொருந்துபவை. ஆயினும் நம் காரியத்துக்குப் போதும்.

ஹாரிங்டன் இன்னொரு சுருக்கு வழியும் தந்தார். ஃபாரன்ஹீட் அளவில் வெப்பநிலையையும், காற்றின் ஒப்பு ஈரப்பதச் சதவீதத்தையும் கூட்டுங்கள். கூட்டுத்தொகை 100-ஐத் தாண்டாமல் இருந்தால் விதை நெடுநாள் கெடாது. சென்னையின் ஒரு சாதாரண நாளில் வெப்பம் 86, ஈரப்பதம் 75 என்று வைத்துக்கொண்டால் கூட்டுத்தொகை 161! நம் ஊர் விதைக்கு ஏற்ற களஞ்சியம் அன்று என்பது இதனால் விளங்கும்.

75 சதவீத ஈரப்பதமுள்ள காற்றில் திறந்து வைத்த கத்தரி விதை, காற்றோடு சமநிலை அடையும்போது ஏறக்குறைய 12 சதவீத நீரைத் தன்னுள் வைத்திருக்கும். அதை 7 சதவீதத்துக்கு உலர்த்தினால் ஐந்து முறை இரட்டிப்பு. ஆயுள் 32 மடங்கு. அப்படியே காற்றுப் புகாமல் மூடி, 30 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்குக் கொண்டுபோனால் இன்னும் ஐந்து இரட்டிப்பு. இரண்டும் சேர்ந்து 1,024 மடங்கு. ஓராண்டு ஆயுள் ஆயிரம் ஆண்டாகிவிடும் என்று இதை அப்படியே நம்ப வேண்டாம். ஆனால் எத்திசையில் முயல வேண்டும் என்பதைக் கணக்கு தெளிவாகக் காட்டுகிறது.

அடுப்புக்கு மேல் ஓர் ஆய்வுக்கூடம்

குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில் நம்மவர்கள் என்ன செய்தார்கள்? முற்றிக் காய்ந்த பீர்க்கங்காயையும் சுரைக்காயையும் உடைக்காமல் அப்படியே சமையற்கட்டில் அடுப்புக்கு மேலே, பரணில் கட்டித் தொங்கவிட்டார்கள். சூடு விதைக்கு ஆகாது என்று இப்போதுதான் பார்த்தோம். அப்படியானால் இது தவறான முறையா? கணக்கிட்டுப் பார்ப்போம்.

30 டிகிரியில் 75 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை, அதில் நீரைக் கூட்டாமலும் குறைக்காமலும் 40 டிகிரிக்குச் சூடாக்குங்கள். சூடான காற்று அதிக நீராவியைத் தாங்கும் ஆதலால் ஒப்பு ஈரப்பதம் சுமார் 43 சதவீதமாக இறங்கிவிடும். அந்தக் காற்றில் விதையின் ஈரப்பதம் 12-லிருந்து ஏறத்தாழ 8-க்கு வரும். இதனால் நான்கு இரட்டிப்பு; ஆதாயம் 16 மடங்கு. வெப்பம் 10 டிகிரி ஏறியதால் இரண்டு முறை பாதியாதல். நட்டம் 4 மடங்கு. நிகர ஆதாயம் 4 மடங்கு! ஓராண்டு இருக்கும் விதை நான்காண்டு இருக்கும். போதாக்குறைக்குப் புகை வேறு பூச்சியை அண்டவிடாது. உலராத நாட்டில் உலர்ந்த இடம் எது என்று தேடியவர்கள் அடுப்படியைக் கண்டுபிடித்தார்கள்.

மற்ற முறைகளும் இப்படியே. கத்தரி விதையைச் சாம்பலில் புரட்டி வைப்பார்கள். நுண்ணிய சாம்பல் ஈரத்தை உறிஞ்சும். பூச்சியின் மேல்தோலில் உள்ள மெழுகைச் சுரண்டி அதை உலர்ந்து சாகச் செய்யும். துவரைக்கும் அவரைக்கும் செம்மண் குழம்பு பூசி உலர்த்துவார்கள். வண்டு முட்டையிட இடம் கிடைக்காது. பரங்கி, பூசணி விதைகளைச் சாணத்தில் பதித்துச் சுவரில் வறட்டியாகத் தட்டுவார்கள். சாணம் உலரும்போது விதையும் சேர்ந்து உலரும். விதைக்கிற நாளில் வறட்டியை உடைத்தால் விதையோடு எருவும் ஆயிற்று.

ஆனால் எத்தனை கெட்டிக்காரத்தனம் செய்தாலும், நம் தட்பவெப்பத்தில் இந்த முறைகள் தருவது சில ஆண்டுகளே. அதன்பின் விதைத்தாக வேண்டும். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்ற பழமொழி விளைச்சலுக்காக மட்டும் பிறந்ததன்று என்று எனக்குத் தோன்றுவதுண்டு. நம் ஊரில் விதைக்கு உண்மையான சேமிப்பறை வயல்தான். இரண்டு மூன்று பட்டங்கள் தொடர்ந்து யாரும் விதைக்காமல் விட்டால் ஒரு காயின் வமிசம் சத்தமின்றி முடிந்துவிடும்.

மேற்கே நகர்ந்த நகரம்

இதை மனத்தில் வைத்துக்கொண்டு சென்னையின் மேற்குப் பகுதியைப் பாருங்கள். கூவம் ஆற்றை ஒட்டியும் அப்பாலும் அம்பத்தூர், கொரட்டூர், அயப்பாக்கம், பருத்திப்பட்டு, செம்பரம்பாக்கம் என ஏரிகள் நிறைந்த நாடு இது. ஏரி இருந்தால் நெல். கிணறு இருந்தால் காய்கறி, கீரை, பூ. பூவிருந்தவல்லி என்ற ஊர்ப்பெயரிலேயே பூ இருக்கிறது.

20-ஆம் நூற்றாண்டின் நடுவில் நிலம் வேறு வேலைக்குப் போயிற்று. இரண்டாம் உலகப் போரின்போது ஆவடி படைத் தளமாயிற்று. 1955 ஜனவரியில் அங்கே காங்கிரஸ் மாநாடு கூடி, சோஷலிச பாணிச் சமுதாயத்தைக் குறிக்கோளாக அறிவித்தது. 1961-ல் கனரக வாகனத் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. 1965-ல் அங்கிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. 1964-ல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை பிறந்தது. வேலை தேடி வந்தோருக்கு வீடு வேண்டியிருந்தது, தோட்டங்கள் மனைகளாயின. பின்னர் 2011-ல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தது; 2019-ல் ஆவடி தானே மாநகராட்சியாயிற்று.

இதைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. அந்த ஆலைகள் ஆயிரக்கணக்கான வீடுகளில் அடுப்பெரிய வைத்தன. ஆனால் நிலம் கைமாறியபோது கணக்கில் வராமல் போனது விதை. நிலத்துக்குப் பத்திரம் உண்டு. மரத்துக்கும் கிணற்றுக்கும் மதிப்பீடு உண்டு. பரணில் தொங்கிய பீர்க்கங்காய்க்கு யாரும் மதிப்புப் போடவில்லை. அடுத்த ஆடியில் விதைக்க இடமில்லை. அதற்கடுத்த ஆடியில் விதைக்கு உயிரில்லை. எந்தெந்த வகைகள் போயின என்று பட்டியலிட முடியாமல் போனதே இந்த இழப்பின் தன்மை.

அதன்பின் காய் வெளியூர்களிலிருந்தே வந்தது. 1996-ல் கொத்தவால் சாவடிச் சந்தை கோயம்பேட்டுக்கு இடம் மாறியபோது, நகரின் காய்கறி வாசல் மேற்கே திரும்பிற்று. கொரோனா நோய்த்தொற்றுக் காலத்தில், 2020 மே முதல் செப்டம்பர் வரை, அந்த மொத்த வணிகம் பூவிருந்தவல்லியை அடுத்த திருமழிசைக்குத் தற்காலிகமாக வந்தது. ஒரு சந்தை மூடினால் ஒரு மாநகரத்தின் குழம்பே நின்றுவிடும் என்பதை மக்கள் அப்போது நேரில் கண்டார்கள்.

வீரிய ஒட்டு வந்தபோது

வீட்டு விதை குறைந்ததற்கு நகரம் மட்டும் காரணமன்று. கிராமங்களிலும் அது குறைந்தது. அங்கே காரணம் வீரிய ஒட்டு விதை.

இரு வேறு தூய வகைகளை மணம் செய்து வைத்தால் பிறக்கும் முதல் தலைமுறை, பெற்றோரைவிடத் திடமாகவும் ஒரே சீராகவும் வளர்வதுண்டு. இதைக் காய்கறியில் வணிக அளவில் முதலில் பயன்படுத்தியது ஜப்பான், பயிர், நம் கத்தரியே, ஆண்டு 1924. இந்தியாவில் 1973-ல் பெங்களூரைச் சேர்ந்த ஒரு தனியார் விதை நிறுவனம் தக்காளியிலும் குடைமிளகாயிலும் ஒட்டு விதைகளை வெளியிட்டது. 1988-ல் வந்த புதிய விதைக் கொள்கை வெளிநாட்டு விதைகளுக்கும் கதவைத் திறந்தது. விளைச்சல் பெருகியது, தொலைதூரச் சந்தைக்கு நசுங்காமல் போகும் தக்காளி கிடைத்தது. உழவர் அதை விரும்பி ஏற்றதில் வியப்பில்லை.

ஆனால் அந்தச் செடியின் விதையை எடுத்து மறுபடி விதைத்தால்? மெண்டல் 1866-ல் வெளியிட்ட பட்டாணிக் கணக்கு இங்கே வேலை செய்யும். ஒட்டுச் செடி, பத்து மரபணு இணைகளில் மட்டும் கலப்பு நிலையில் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வோர் இணையிலும் பிள்ளை தாயைப் போலவே கலப்பாக இருக்கும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. பத்து இணையிலும் அப்படியே அமையும் வாய்ப்பு 1,024-ல் ஒன்று. மற்ற 1,023 செடிகளும் ஏதாவது ஒரு வகையில் மாறியிருக்கும். "ஒட்டு விதை முளைக்காது" என்று பலர் சொல்வது சரியன்று. முளைக்கும், தாயைப் போல் இராது. எனவே ஆண்டுதோறும் புது விதை வாங்க வேண்டியதாகிறது. விதைத்து விதையெடுக்கும் சங்கிலி இங்கே அறுந்தது.

குளிர் அறையும் பசித்த மனிதரும்

சங்கிலி அறுவதை முன்கூட்டியே உணர்ந்தவர் நாம் மேலே கண்ட வாவிலோவ். உலகைச் சுற்றி விதை திரட்டி லெனின்கிராடில் ஒரு பெரும் விதைத் தொகுப்பை அமைத்தார். அரசியல் பகையால் 1940-ல் கைதாகி, 1943 ஜனவரியில் சரத்தோவ் சிறையில் மாண்டார். அதே காலத்தில் ஜெர்மானியப் படை லெனின்கிராடை முற்றுகையிட்டிருந்தது. ஊரே பட்டினி கிடந்தது. நிறுவனத்தின் அறைகளில் நெல்லும் கோதுமையும் நிலக்கடலையும் நிறைந்திருந்தன. காவல் காத்த விஞ்ஞானிகள் அவற்றைத் தின்னவில்லை. நெல் ஆராய்ச்சியாளர் திமித்ரி இவானோவ் நெல் விதைகளுக்கு நடுவிலேயே பசியால் உயிர்விட்டார். விதை நெல்லைக் குத்தித் தின்னாதே என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. அதற்கு இதைவிடக் கடுமையான சோதனை எந்த நாட்டிலும் நேர்ந்திராது.

நம் நாட்டில் 1976-ல் தேசியத் தாவர மரபு வள அமைப்பு தோன்றியது. தில்லியில் உள்ள அதன் மரபணு வங்கியில் 4 லட்சத்துக்கு மேற்பட்ட மாதிரிகள், உலர்த்தி மூடி, பூச்சியத்துக்கு 18 டிகிரி கீழே உறங்குகின்றன. வடதுருவத்தை ஒட்டிய ஸ்வால்பார்டில் 2008-ல் திறந்த உலக விதைப் பெட்டகத்திலும் இதே வெப்பநிலைதான். இவை அவசியம். ஆனால் குளிர் அறையில் விதை மாறாமல் நிற்கிறது. வெளியே வெயிலும் மழையும் நோயும் மாறிக்கொண்டே இருக்கின்றன. வயலில் விதைக்கப்படும் விதை மட்டுமே அவற்றோடு சேர்ந்து தன்னையும் மாற்றிக்கொள்ளும். இரண்டும் வேண்டும்.

சட்டமும் இதை ஏற்கிறது. 2001-ஆம் ஆண்டின் பயிர் இரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், தன் விளைச்சலிலிருந்து விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் மாற்றிக்கொள்ளவும் பகிரவும் விற்கவும் உழவருக்கு உரிமை தருகிறது. வணிகப் பெயரிட்டு விற்கக் கூடாது என்பதே கட்டுப்பாடு. 2009-ல் மரபணு மாற்றிய பி.டி. கத்தரிக்கு நிபுணர் குழு இசைவு தந்தபோது நாடெங்கும் வாதம் எழுந்தது. ஏழு நகரங்களில் மக்கள் கருத்தைக் கேட்டபின், 2010 பிப்ரவரி 9 அன்று நடுவண் சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதை நிறுத்தி வைத்தார். அண்டை நாடான வங்கதேசத்தில் 2014 முதல் அது பயிராகிறது. இரு தரப்பிலும் வாதம் உண்டு. ஆனால் கத்தரி பிறந்த நாட்டில் அதன் பல வகைகளுக்கு என்ன நேரும் என்ற கேள்வி அமைச்சர் வரை போனது நல்லதே.

நீங்கள் செய்யக்கூடியது

2010-களிலிருந்து சென்னைப் புறநகர் மாடிகளில் தொட்டிகள் பெருகியுள்ளன. அறுந்த சங்கிலியை அங்கே மறுபடி கோக்கலாம். வாங்கும் விதை ஒட்டு விதை அன்று என்பதை முதலில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

தொடக்கத்துக்கு அவரையும் தக்காளியும் எளியவை. இவை பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறும். கத்தரியில் தேனீ சிறிது கலப்புச் செய்யும். விதைக்கு விடும் பூவை மொட்டிலேயே மெல்லிய துணிப்பையால் மூடிவிடுங்கள். சுரை, பீர்க்கு, பரங்கி ஆகியவற்றில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. விதைப் பண்ணைகளில் இவற்றின் இரு வகைகளுக்கிடையே அரை கிலோமீட்டருக்குக் குறையாமல் இடைவெளி விடுவார்கள். மாடியில் அது நடவாது. மலரப்போகும் ஆண், பெண் மொட்டுகள் இரண்டையும் முன்னதாகவே நூலால் கட்டிவைத்து, மலரும் வேளையில் கையால் மகரந்தம் தொட்டு, பெண் பூவை மறுபடி கட்டிவிட வேண்டும். பரங்கி காலையில் மலரும். சுரையும் பீர்க்கும் மாலையில்.

நல்ல செடியின் நல்ல காயையே விதைக்கு விடுங்கள்; கடைசியில் எஞ்சிய சொத்தைக் காயை அல்ல. இயன்றால் ஒரே செடியில் எடுக்காமல் பல செடிகளிலிருந்து எடுத்துக் கலந்துகொள்ளுங்கள். கத்தரியைப் பழுக்கவிட்டுப் பிசைந்து நீரில் போட்டால் நல்ல விதை அடியில் தங்கும், பதர் மிதக்கும். தக்காளி விதையைச் சூழ்ந்த வழுவழுப்பு முளைப்பைத் தடுப்பது. சாற்றோடு ஓரிரு நாள் புளிக்கவிட்டு அலசினால் அது கழன்றுவிடும். நிழலிலும் இளவெயிலிலும் உலர்த்துங்கள். பிறகு, ஈரம் போக வறுத்து ஆறவைத்த அரிசியைக் கண்ணாடிப் புட்டியில் பாதிக்கு மேல் நிரப்பி, விதையைத் துணி முடிச்சாக அதன்மேல் வைத்து இறுக மூடுங்கள். இரு வாரத்தில் அரிசி, விதையின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதன்பின் வேறொரு சிறு புட்டிக்கு மாற்றிக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். உலர்த்தாமல் மூடி வைப்பது விதையைக் கொல்வதற்குச் சமம்.

பெயர், எடுத்த இடம், ஆண்டு மூன்றையும் புட்டியில் எழுதுங்கள். ஆண்டுக்கொரு முறை 20 விதைகளை ஈரத்துணியில் சுற்றி வைத்து எண்ணிப் பாருங்கள். 14 முளைத்தால் 70 சதவீதம். கத்தரிக்கும் தக்காளிக்கும் விதைச் சான்றளிப்பில் கேட்கும் குறைந்த அளவு அதுவே. அதற்குக் கீழே இறங்கினால் தாமதிக்காமல் விதைத்துப் புது விதை எடுங்கள். இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டாம். பள்ளி மாணவர் ஒருவரே செய்யலாம்.

கடைசியாக ஒன்று. எடுத்த விதையில் பாதியை இன்னொரு வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். உங்கள் செடியை ஒரு வெள்ளம் அடித்துப் போகலாம். ஒரு கோடை கருக்கிவிடலாம். ஒரு வீட்டில் விதை பிழைக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி என்றால், ஒன்றுக்கொன்று தொலைவிலுள்ள ஐந்து வீடுகளில் எங்காவது அது பிழைத்திருக்கும் வாய்ப்பு 32-ல் 31 ஆகும். பக்கத்து வீட்டில் விதை கேட்கும் பழைய வழக்கத்துக்குள் இருந்த கணிதம் இதுதான். ஆடி வரும்போது யாரிடம் கேட்கலாம், யாருக்குக் கொடுக்கலாம் என்று இப்போதே ஒரு பட்டியல் போட்டு வையுங்கள்.